தந்தை பெயரால் அறியப்படும் பெண்கள்

பாரி மகளிரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அங்கவை, சங்கவை என்று நாம் வழங்குவன பிற்கால மரபு தந்த பெயர்கள். புறநானூறு அவர்களைப் 'பாரி மகளிர்' என்றே அறியும். பறம்பு வீழ்ந்தபின் தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்த துயரைச் சொல்லும் 112ஆம் பாட்டின் ஆசிரியர் பெயராக நிற்பதும் அதுவே. கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் போகிறார். பிறகு இருங்கோவேளிடம் போகிறார். பாரியின் மகளிர் இவர்கள், மணந்துகொள்க என்று வேண்டுகிறார். நண்பனின் மக்கள் ஆதலால் தமக்கும் மக்களே என்று காப்பாளர் உரிமையையும் எடுத்துரைக்கிறார். இரண்டு வாயில்களிலும் மறுப்பே கிடைக்கிறது. நூற்றாண்டுகளாக இப்பாடல்களில் நட்பின் மாண்பையும் கையறுநிலையின் உருக்கத்தையும் உரைகாரர்கள் விளக்கி வருகிறார்கள். அந்தப் பெண்கள் எங்கே போக விரும்பினர் என்ற கேள்விக்கு அந்த மரபில் இடமே இல்லை.

நாடிழந்து வேற்றார் வாயிலில் நிற்கும் பெண்ணைத் தந்தையைக் கொண்டோ காப்பாளரைக் கொண்டோ வரப்போகும் கணவனைக் கொண்டோ அடையாளம் காண்பது பழங்காலத்தோடு முடிந்த வழக்கன்று. அகதிகளுக்கான இன்றைய பன்னாட்டுச் சட்டமும் அதே நோக்கோடுதான் பிறந்தது. அந்தச் சட்டம் சிறுமியைத் தனியொரு ஆளாகக் காண எத்தனை காலம் எடுத்துக்கொண்டது, அந்தப் பார்வை நம் பக்கத்து முகாமின் வாயில்வரை வந்து சேர்ந்ததா என்பதைச் சற்றே விரிவாகப் பார்க்கலாம்.

1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் முதல் வாசகம் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல்லோடு தொடங்குவதாக இருந்தது. அதை 'எல்லா மனிதரும்' என்று மாற்றச் செய்தவர் இந்தியப் பிரதிநிதியாகச் சென்ற ஹன்சா மேத்தா என்பது பலரும் அறிந்த செய்தி. மூன்றாண்டுகள் கழித்து, 1951 ஜூலையில், அகதிகள் உடன்படிக்கையை இறுதி செய்ய ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் அத்தகைய ஒருவர் வெல்லவில்லை. அகதிகளிடையே பாகுபாடு காட்டலாகாது என்னும் பிரிவில் பால் என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும் என்று யூகோஸ்லாவியா முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை. பெண் என்பதற்காகவே ஒருவர் துன்புறுத்தப்படும் நிகழ்வுகள் இருக்குமா என்று ஐயம் தெரிவித்தவர், அப்போது அகதிகள் உயர் ஆணையராக இருந்த வான் ஹூவன் குட்ஹார்ட். அவர் கொடியவர் அல்லர்; நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவுப் பத்திரிகை நடத்தியவர். அக்காலத்து நல்லவர்களின் கண்ணுக்கே அது படவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரே அகதி என்று வரையறை அமைந்தது. பெண் அதில் இல்லை; குழந்தையும் இல்லை. சிறுமி எங்கே வருகிறாள் என்று தேடினால், உடன்படிக்கையின் பிரிவுகளில் எங்கும் இல்லை. மாநாட்டின் இறுதி ஆவணத்தில், அரசுகளைக் கட்டுப்படுத்தாத பரிந்துரை ஒன்றில் வருகிறாள். குடும்பத் தலைவர் நுழைவுக்குத் தகுதி பெற்றால் அவர் குடும்பம் பிரியாமல் காக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வயது வராத அகதிகளை, குறிப்பாகத் துணையற்ற பிள்ளைகளையும் சிறுமியரையும், காப்பாளர் ஏற்பாடு, தத்து ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு பாதுகாக்கவேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. தந்தை இருந்தால் அவரோடு, இல்லையேல் காப்பாளரோடு. கபிலர் இதைப் படித்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

பிறகு வந்த முன்னேற்றம் மெதுவானது. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பிள்ளைகளின் குடியுரிமையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்றது. 1989இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வந்தது. அதன் 7ஆம் பிரிவு பிறந்தவுடன் பதிவு, பெயர், குடியுரிமை ஆகியவற்றைப் பேசுகிறது. 22ஆம் பிரிவு அகதிக் குழந்தையைப் பற்றியது. 'பெற்றோருடன் வந்தாலும் தனியே வந்தாலும்' என்று பொருள்படும் ஒரு சிறு தொடர் அதில் இருக்கிறது. அந்தத் தொடரில்தான் குழந்தை முதன்முறையாகத் தந்தையின் நிழலிலிருந்து வெளியே வருகிறது எனலாம். 1996இல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், டோகோ நாட்டிலிருந்து பதினேழு வயதில் ஓடிவந்த ஃபௌஸியா கசிஞ்ஜாவுக்குப் புகலிடம் அளித்தது. தந்தை உயிரோடு இருந்தவரை பிறப்புறுப்புச் சிதைப்பிலிருந்து காப்பாற்றப்பட்டவர் அவர். தந்தை இறந்ததும் உறவினர் கட்டாய மணத்துக்கும் அந்தச் சடங்குக்கும் ஏற்பாடு செய்தனர். பெண்ணாக இருப்பதே துன்புறுத்தலுக்குக் காரணமாகலாம் என்பதை ஒரு தீர்ப்பு ஏற்க, ஜெனீவாவிலிருந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இனி நம் பக்கம் வருவோம். 1951 உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. நாடற்றோர் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளிலும் சேரவில்லை. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 டிசம்பரில் ஏற்றது. பெண்கள் உடன்படிக்கையை 1993 ஜூலையில் உறுதி செய்தது. (குழந்தை உழைப்பைத் தடுக்கும் 32ஆம் பிரிவைப் படிப்படியாகவே நிறைவேற்ற இயலும் என்று இந்தியா அப்போது ஓர் அறிவிப்பையும் இணைத்தது. பஞ்சாலைச் சங்குகளுக்கு எழுந்து பழகிய சிங்காநல்லூரில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது அந்தப் 'படிப்படியாக' என்ற சொல் நின்று யோசிக்க வைக்கிறது.) ஆகவே முகாமில் வாழும் பெரியவருக்கு அகதி என்ற முறையில் உடன்படிக்கை எதுவும் இந்தியாவில் துணையில்லை. அவருடைய மகளுக்கு, குழந்தை என்ற முறையில் ஒன்று உண்டு. பெண் என்ற முறையில் இன்னொன்று உண்டு. காகிதத்தில் தந்தையைவிட மகளே உரிமை மிகுந்தவள். நடப்பில் அப்படியா?

இதற்கு முன்கதை ஒன்று சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் குடியுரிமையைத் தந்தை வழியாகவே கணக்கிட்டது. மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழரில் மிகப் பலர் அச்சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள 1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தில் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் இருந்தது. 'இயற்கைப் பெருக்கம்' என்பது அவர்களுக்கு இட்ட பெயர். ஓர் எண்ணின் வால். மாட்டுச் சந்தையில்கூடக் கன்றைக் கன்று என்றுதான் சொல்வார்கள்.

அவ்வாறு வந்தவர்களைக் கொங்கு நாடு நன்கு அறியும். அவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 'சிலோன்காரர்' என்ற சொல் கோத்தகிரி, கூடலூர் வட்டாரப் பேச்சில் அப்போதே புகுந்துவிட்டது. 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமைக்கு ஒப்புக்கொள்ளப்பட்டும் வந்து சேராதவர்கள் இருந்தனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறிவந்த கூட்டத்தில் வடக்கு, கிழக்குத் தமிழரோடு மலையகத் தமிழரும் கலந்திருந்தனர். தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புவதற்காகப் பிரித்தானியர் காலத்தில் அமைந்த மண்டபம் முகாமே அவர்களை ஏற்றுக்கொண்டது. தாத்தன் போன வழியிலேயே பேத்தி திரும்பி வந்தாள். ஆனால் அகதியாக.

1983 முதல் 2010 வரை பல அலைகளாக ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்தனர். பலர் திரும்பினர், சிலர் மேலை நாடுகளுக்குப் போயினர். 2021இல் அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழ்ந்தவர் 34,087 பேர். ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர், ஈங்கூர் முகாம்கள். கோவையின் மேற்கே சிறுவாணிச் சாலையில் பூலுவப்பட்டி முகாம். நகரின் கிழக்கு ஓரத்தில் வாழும் நம்மில் பலர் கோவைக் குற்றாலத்துக்குப் போகும் வழியில் அதைக் கடந்திருப்போம்.

முகாமில் பதிவு என்பது குடும்பத்துக்கு ஒன்று. தலைப்பில் குடும்பத் தலைவர் பெயர், கீழே மனைவி, மக்கள். உதவித்தொகையும் அந்த வரிசையில்தான்: 2021 அறிவிப்பின்படி தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், பன்னிரண்டு வயதைக் கடந்த பிறருக்கு 1,000, அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 500. அதற்குமுன் 1,000, 750, 400. முன்பு கிலோ 57 காசுக்கு அரிசி. குறித்த நாளில் வருவாய்த்துறை அலுவலர் முன் தலை எண்ணும் சோதனை. அதை முகாம்வாசிகள் 'செக்கிங்' என்பார்கள். அந்த நாளில் ஆள் இல்லையென்றால் பெயர் போகும், பணமும் போகும் என்ற அச்சம். வீடு என்பது பல முகாம்களில் பத்துக்குப் பத்து அடி அறை. தந்தை, தாய், அண்ணன், பாட்டி எல்லாரும் படுக்கும் அந்த அறையில் ஒரு பெண் பூப்பெய்துகிறாள். அங்கேயே உடை மாற்றுகிறாள். அங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிறாள். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு அந்தரங்கத்துக்கான உரிமையைச் சொல்கிறது. அதைச் சுவர் எழுப்பாமல் நிறைவேற்ற வழியில்லை. 2021இல் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர அரசு முன்வந்ததை, கட்டடப் பணியாக மட்டும் நாம் எண்ணவில்லை.

கல்வியின் வரலாறு இன்னும் மேடுபள்ளமானது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஈழ மாணவர்க்கு உயர்கல்வியில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பள்ளி, பிறப்புப் பதிவு என்று அகதிகளின் நடுவிலிருந்தே வேலை செய்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் எல்லாம் மாறிற்று. தொண்டு நிறுவனங்களுக்கு முகாம்களின் கதவு அடைபட்டது; உயர்கல்விச் சலுகைகள் நின்றன. கொலை நடந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த சிறுமிக்கும் அதில் பங்கு வைக்கப்பட்டது. 1996க்குப் பின் கல்லூரிக் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் படிப்பை விட்ட பெண்கள் இன்று நாற்பதுகளில் இருப்பார்கள், அதாவது நம் வயதில். இன்றும் கலை, அறிவியல் படிப்புகளில் முகாம் மாணவியர் சேர முடிகிறது. மருத்துவத்தில் மாநில இடங்களுக்குக் குடியுரிமை நிபந்தனை குறுக்கே நிற்கிறது. கல்லூரி விண்ணப்பங்களில் 'தேசிய இனம்' என்ற கட்டத்துக்கு நேரே அவர்கள் பேனாவைச் சற்று நிறுத்துவதைச் சேர்க்கை நாட்களில் நாம் கண்டிருக்கிறோம். பக்கத்துப் பெண் அந்தக் கட்டத்தைப் படிக்காமலே நிரப்பிவிட்டுப் போகிறாள்.

அந்தக் கட்டத்தில் எழுதவேண்டிய சொல்லை ஒரு தேதி முடிவு செய்கிறது என்பது நம்புவதற்கு அரியது. ஆயினும் அதுவே உண்மை. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் பிறப்பால் இந்தியர். 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும் என்றது. வங்கதேசம் முதலிய நாடுகளோடு இலங்கையிலிருந்து வருவோரும் அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டனர். 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம் இன்னும் இறுக்கியது: ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்தவர்கள் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இது முகாம்களில் பிறந்து வளரும் பெண்களை எங்கே கொண்டுவிடுகிறது என்று பாருங்கள். படகில் கைக்குழந்தையாக வந்த ஒருத்தி, வளர்ந்து, உள்ளூர்க்காரர் ஒருவரை மணக்கிறாள். அவர் தலைமுறை தலைமுறையாகக் கொங்கு மண்ணில் வாழ்பவர். அவர்களுக்கு 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த மகள் இந்தியப் பிரசை அல்லள். தாய் 'சட்டவிரோதக் குடியேறி' என்பதே காரணம். மனைவியும் திருமணத்தைக் காட்டிப் பதிவு வழியாகக் குடியுரிமை கேட்க இயலாது. அந்த வழியையும் அதே சொல் அடைக்கிறது. இலங்கையோ 2003இல் தன் சட்டத்தைத் திருத்தித் தாய் வழியாகவும் குடியுரிமை என்றாக்கியது. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்தால்தான் அது கைகூடும். தந்தையை வைத்தே பெண்ணை எண்ணிய சட்டங்கள் மறைந்தன என்று மகிழ்வதற்குள், தாயை வைத்து மகளை விலக்கும் சட்டம் வந்து நிற்கிறது.

நீதிமன்றங்கள் இந்த முடிச்சை அங்கங்கே தளர்த்தியிருக்கின்றன. 2019 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில், மலையக வழியினரான 65 முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மத்திய அரசுக்கு ஆணையிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. 2022 ஆகஸ்டில் அதே நீதிபதி முன் இன்னொரு வழக்கு. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக் கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் ஆதலால் அவர் இந்தியரே என்று தீர்ப்பாயிற்று. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அவர் தம் நாட்டிலேயே அயலாராக எண்ணப்பட்டிருக்கிறார்! அவருக்கு இரண்டாண்டு பின்னால் அதே முகாமில் பிறந்திருந்தால் இந்தத் தீர்ப்பும் இல்லை.

பிள்ளையின் வழக்கைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கேட்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்போருக்கு, ஆஸ்திரேலியாவில் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா என்னும் சிற்றூரில் வாழ்ந்த அக்குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து அதிகாரிகள் கொண்டுபோயினர். இரண்டு மகள்களும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். ஆயினும் 1986 ஆகஸ்டுக்குப் பின் அங்கும் பிறப்பு மட்டும் போதாது. படகில் வந்தவர்களின் பிள்ளை ஆதலால், மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் கடல்வழி அனுமதியின்றி வந்தவள் என்றே அவர்கள் சட்டம் கருதுகிறது. பெற்றோரின் கோரிக்கைகள் தோற்றுவிட்டன. 2019 ஆகஸ்டில் நாடுகடத்தும் விமானம் வானில் இருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, டார்வினில் இறக்கப்பட்டனர்; பிறகு கிறிஸ்துமஸ் தீவுச் சிறை. அந்தத் தடை நின்றது இரண்டே வயதான இளைய மகளின் பெயரில். அவளுடைய கோரிக்கை நியாயமான முறையில் பரிசீலிக்கப்படவில்லை என்று 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஊர்க்காரர்கள் விடாது போராடினர், ஆட்சியும் மாறிற்று, 2022 ஜூனில் அவர்கள் பிலோயிலா திரும்பினர், ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. நான்கு பேரையும் நாட்டில் நிறுத்திவைத்தது, நால்வரில் இளையவளுக்குத் தனியே ஒரு வழக்கு இருந்ததுதான்.

இந்தியாவில் அத்தகைய வழக்குக்கு இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் பெண்கள் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு, நாட்டில் சட்டம் இல்லாத இடத்தில் விதிகளை வகுத்தது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில், உயிர்வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உரியது என்றது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, முகாமில் பிறந்த ஒரு சிறுமியின் குடியுரிமைக் கேள்வியை அவள் பெயரிலேயே கேட்க யாரும் தடையில்லை என்பது நம் கருத்து. மனநிலைதான் வேறாக இருக்கிறது. 2025 மே மாதம் ஓர் ஈழத்தமிழரின் மனுவை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வு, உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்று கேட்டது. சத்திரம் என்றால் வந்தவர் மறுநாள் போய்விடுவார்; இங்கேயே பிறந்தவளைப் பற்றி அந்த உவமை எதையும் சொல்லவில்லை.

2025 செப்டம்பரில் 1946ஆம் ஆண்டின் அயலார் சட்டம் போய்ப் புதிய குடியேற்றம், அயலார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து ஓர் ஆணை விலக்கு அளித்தது. நாற்பதாண்டுகளில் வந்த நல்ல செய்திகளில் அது ஒன்று. அது குற்றத்தை நீக்குகிறது, குடியுரிமையைத் தரவில்லை.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பதினெட்டு வயது நிறையும்வரை செல்லும். முகாமில் பிறந்து தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு அந்தப் பிறந்தநாள் வரும்போது, அவளோடு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பம் எழுதுகிறாள். இவளுக்கு அன்றோடு 22ஆம் பிரிவும் முடிகிறது, 7ஆம் பிரிவும் முடிகிறது. முகாம்ப் பதிவேட்டில் அவள் பெயர் தந்தை பெயருக்குக் கீழே, அதே வரிசையில் இருக்கிறது.